உடல் இயக்கப் பணிகள் குறித்த செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நடுவிலும் இன்று இங்கே வந்திருக்கும் உறுப்பினர்களே, அவர்களை அழைத்து வந்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு முதலில் அஞ்சலி. அவர்களில் சிலர் கடைசி வாரங்கள் வரை நடைக்குழுவுக்கு வந்தவர்கள். நடக்க முடியாத நாளில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்கள் ஒரு சுற்று முடித்து வரும்போது எழுந்து அவர்களோடு பத்தடி நடந்துவிட்டுத் திரும்பவும் உட்காருவார்கள். அவர்கள் குடும்பத்தாருக்குச் சங்கத்தின் ஆறுதலை மீண்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

நிர்வாகச் செய்திகள் அதிகம் இல்லை. செயற்குழு முறையாகக் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். தொலைபேசி எண் மாறியவர்கள் கூட்டம் முடிந்ததும் உதவிச் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள். ஆண்டு முழுவதும் நம் உழைப்பு எதற்குப் போனதோ, அந்த வேலைக்கு வருகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். உடற்பயிற்சி பற்றிய துண்டுப் பிரசுரத்தைக் கொடுப்பதோடு நிற்காமல், சிகிச்சையில் இருக்கும் உறுப்பினர் யார் கேட்டாலும் கூட நடக்க ஓர் ஆளை அனுப்புவது என்பது தீர்மானம். அன்று எதிர்ப்பும் இருந்தது. கீமோ என்ற மருந்துச் சிகிச்சை எடுப்பவரை நடக்கச் சொல்லலாமா, எங்காவது மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள். அவற்றுக்குப் பதில் தேடித்தான் ஆண்டின் முதல் பாதி போயிற்று.

நோய் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் எல்லாரும் சொல்வது, 'நீ ஒன்றும் செய்ய வேண்டாம், போய்ப் படு' என்பதுதான். பாசத்தில் சொல்வது. ஆனால் புற்றுநோயிலும் சிகிச்சையிலும் வரும் அசதி, வேலை செய்து களைத்துப் போன அசதி மாதிரி அல்ல. தூங்கி எழுந்தாலும் அது போவதில்லை. படுத்தே கிடந்தால் தசை கரைகிறது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இருந்த பழக்கம் விட்டுப்போகிறது. போன மாதம் சாதாரணமாக ஏறிய மாடிப்படி இந்த மாதம் மூச்சிரைக்க வைக்கிறது. அதனால் மறுபடியும் படுக்கத் தோன்றுகிறது. அளவான, தொடர்ச்சியான உடல் இயக்கம் இந்த அசதியைக் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியாகிவிட்டது.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. 1989இல் அமெரிக்காவில் மாக்விகார், வின்னிங்காம் முதலிய செவிலிய ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீமோ எடுத்துக்கொண்டிருந்த மார்பகப் புற்றுநோய் நோயாளிகளை வாரம் 3 முறை, 10 வாரங்களுக்கு, நிலையாக நிற்கும் சைக்கிளை மிதிக்க வைத்தார்கள். அவர்களின் உடல் திறன் கூடியது. 2022இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் அமைப்பான ஆஸ்கோ, குணப்படுத்தும் நோக்கில் சிகிச்சை பெறுகிறவர்களுக்குச் சிகிச்சைக் காலத்திலேயே நடை போன்ற பயிற்சியையும் தசைப் பயிற்சியையும் மருத்துவர்கள் பரிந்துரைக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. மருத்துவர்கள் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்ட பிறகும் வீடுகளில் 'படு' என்ற சொல்தான் கேட்கிறது என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

நம் தீர்மானத்துக்குப் பெரிய பலம் தந்தது 2025 ஜூனில் வெளியான சேலஞ்ச் என்ற ஆய்வு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். இரு பிரிவினருக்கும் உடற்பயிற்சி, உணவு பற்றிய கையேடு கிடைத்தது. ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக 3 ஆண்டுகள் ஒரு பயிற்சியாளர் துணை இருந்தார். முதல் 6 மாதம் 2 வாரத்துக்கு ஒரு முறை நேரில் சந்திப்பு, அப்புறம் படிப்படியாக இடைவெளி விட்டு. 5 ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், துணை இருந்த பிரிவில் 80.3 சதவீதம், கையேடு மட்டும் வாங்கியவர்களில் 73.9 சதவீதம். 8 ஆண்டுகளில் உயிரோடு இருந்தவர்கள் முறையே 90.3, 83.2 சதவீதம்.

இந்த எண்களைச் செயற்குழுவில் வாசித்தபோது நான் சுட்டிக்காட்டியது ஒன்றைத்தான். கையேடு இரண்டு பிரிவினரிடமும் இருந்தது. வித்தியாசம், கூட இருந்த ஆள். நாம் ஆண்டுக்கணக்காகப் பிரசுரம் அச்சடித்துக் கொடுத்துவந்தோம், அது தேவைதான். ஆனால் வாசித்துவிட்டு அலமாரியில் வைப்பவரைக் கதவு வரை அழைத்து வர, வாசலில் ஒருவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

அதே நேரம் ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆய்வு பெருங்குடல் புற்றுநோயில், சிகிச்சை முடித்தவர்களிடம் நடந்தது. அதை எல்லாப் புற்றுநோய்க்கும் அப்படியே பொருத்திப் பேசக் கூடாது. 'நடந்தால் கேன்சர் ஓடிப்போகும், மருந்து வேண்டாம்' என்ற தொனியில் ஒரு செய்தி நம் உறுப்பினர்களின் கைபேசிகளில் சுற்றியது. செயற்குழு உடனே கூடி மறுப்பு அனுப்பியது. உடற்பயிற்சி சிகிச்சையோடு சேர்ந்து செய்வது. சிகிச்சைக்குப் பதிலாகச் செய்வது அல்ல. சங்கத்தின் பெயரில் யாரும் இதை மாற்றிச் சொல்ல அனுமதி இல்லை.

சரி, நடைக்குழு எப்படி நடக்கிறது என்று புதிய உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். யாராக இருந்தாலும் முதலில் தன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் சேர வேண்டும். நோய் எலும்புக்குப் பரவியிருந்தாலோ இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ மருத்துவரின் எழுத்துபூர்வ ஆலோசனை கட்டாயம். அப்புறம் நம் பிசியோதெரபிஸ்ட் பார்ப்பார். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார வைத்து, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவார். அதைக் குறித்து வைத்துக்கொண்டு, சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார். எண்ணிக்கை கூடியதைத் தன் கண்ணால் பார்த்தவர் முகத்தில் வரும் தெம்பு வேறு எதிலும் வருவதில்லை.

கிளம்பும் முன் துணைக்கு வருகிறவர் போன் செய்து கேட்பார். காய்ச்சல் இருக்கிறதா? தலை சுற்றுகிறதா? ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிகிறதா? எலும்பில் புதிதாக வலி உண்டா? நெஞ்சு படபடப்பு? எதற்காவது 'ஆமாம்' என்று பதில் வந்தால் அன்று நடை கிடையாது. மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். கீமோ எடுத்தவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அது அவசரம், மறுநாள் வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. கீமோவுக்குப் பிறகு ஏறத்தாழ 7 முதல் 14 நாளுக்குள், தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாள்களில் கூட்டத்தோடு சேராமல் வீட்டு வராந்தாவிலேயே நடக்கச் சொல்கிறோம். இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருக்கும்போது எடை தூக்குவதும், விழுந்து அடிபடக்கூடிய எதுவும் வேண்டாம்.

வேகத்துக்குக் கருவி எதுவும் தேவையில்லை. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் நடுத்தர வேகம். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் கூட்டிய பன்னாட்டு நிபுணர்கள் 2019இல் சொன்ன அளவு, வாரம் 3 நாள் 30 நிமிடம் இப்படிப்பட்ட இயக்கம், கூடவே வாரம் 2 நாள் தசைப் பயிற்சி. அசதி, பதற்றம், மனச்சோர்வு குறையவும் உடல் செயல்திறன் மேம்படவும் இதுவே போதும் என்றார்கள். கேட்டவுடன் சிலர் மலைத்துப் போகிறார்கள். 30 நிமிடத்தைப் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொள்ளலாம். மருந்து ஏறிய மறுநாள் கட்டிலிலிருந்து சமையலறை வரை போய் வந்தாலும் அன்றைக்கு அது கணக்குத்தான். நம் நோட்டில் அதையும் எழுதுகிறோம்.

தசைப் பயிற்சி வகுப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த அறிக்கை முழுமையாகாது. நாங்கள் எல்லாரும் அக்கா என்றே கூப்பிடும் ஓர் உறுப்பினர், மார்பக அறுவையில் அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர். 'அந்தக் கையால் எதையும் தூக்காதே, கை வீங்கிவிடும்' என்று யாரோ சொன்னதைப் பல ஆண்டுகளாகப் பிடித்துக்கொண்டிருந்தார். தோள் உயரத்துக்கு மேல் கை எழாது. அப்படிச் சொல்வது ஒரு காலத்தில் மருத்துவ உலகிலும் வழக்கமாகத்தான் இருந்தது. 1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற மருத்துவர் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களை, பலர் சேர்ந்து துடுப்புப் போடும் நீண்ட டிராகன் படகில் ஏற்றித் துடுப்புப் போட வைத்து அந்தப் பயத்தைக் கேள்வி கேட்டார். 2009இல் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினரின் ஆய்வு இன்னும் தெளிவாக விடை சொன்னது. ஏற்கெனவே கை வீக்கம் உள்ள 141 பெண்களில், கண்காணிப்போடு மெல்ல மெல்ல எடை கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவதும் அவர்களிடம்தான் குறைவாக இருந்தது.

அக்காவுக்கு இதையெல்லாம் சொல்லியும் பயம் போகவில்லை. முதல் நாள் அரைக் கிலோ டம்பெல்லை மேசையில் வைத்துவிட்டு, எடுக்கும்படி யாரும் வற்புறுத்தவில்லை. வகுப்பு முடியும் நேரத்தில் அவரே எடுத்தார். எடுத்ததும் கையை அளவு நாடாவால் அளக்கச் சொன்னார். மறுநாள் காலையில் வீட்டில் அளந்து பார்த்துப் போன் செய்தார். கை அளவு மாறவில்லை. இப்போது அழுத்த உறையைக் கையில் போட்டுக்கொண்டு, புதிதாக வருகிறவர்களுக்கு அவரே அளந்து காட்டுகிறார். கை கனத்தாலோ இறுகினாலோ உடனே நிறுத்திப் பிசியோதெரபிஸ்டிடம் காட்ட வேண்டும் என்பதையும் அவர்தான் எல்லாருக்கும் அழுத்திச் சொல்கிறார்.

ஆண்கள் தசைப் பயிற்சிக்கு வரத் தயங்குகிறார்கள். நடை போதும் என்று நினைக்கிறார்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோனைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்குத் தசையும் குறைகிறது, எலும்பின் வலுவும் குறைகிறது. வகுப்பு மிகவும் தேவைப்படுகிறவர்கள் அவர்கள்தான். ஐயாமார்களே, அடுத்த மாதம் உங்களை வகுப்பில் எதிர்பார்க்கிறேன்.

கீமோவால் பாதம் மரத்துப் போனவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். பாக்ளிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் எடுத்தவர்களுக்கு இது சகஜம். தரை காலுக்குச் சரியாகத் தெரியாது. அவர்கள் வழுக்காத, குதிகால் மூடிய ஷூ போட்டுக்கொண்டு, சுவரை ஒட்டி நின்று, ஒற்றைக் காலில் நிற்கப் பழகுகிறார்கள். கழிவு வெளியேற வயிற்றில் போட்ட துளையான ஸ்டோமாவும் அதற்கான பையும் உள்ளவர்கள் குடலிறக்கம் வராமலிருக்க, கனமான எடை தூக்கும் முன் ஸ்டோமா செவிலியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கதிர்வீச்சு நடக்கும் இடத்தில் தோல் புண்ணாகியிருந்தால் நீச்சல் குளம் வேண்டாம்.

நம் பணியில் கடினமான இடம் எது என்று கேட்டால், சிகிச்சை முடிந்த பிறகு வரும் மாதங்கள் என்பேன். சிகிச்சை நடக்கும்போது மருத்துவமனை அடிக்கடி கூப்பிடும், உறவினர்கள் விசாரிப்பார்கள். முடிந்ததும் எல்லாரும் மகிழ்ச்சியோடு தத்தம் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அசதியோ பல மாதங்கள் நீடிக்கும். நோய் திரும்பிவிடுமோ என்ற பயம் அப்போதுதான் இரவில் வந்து உட்காரும். நடைக்குழுவிலிருந்து அதிகம் பேர் விலகியதும் இந்தக் கட்டத்தில்தான். வேலைக்குத் திரும்பியவர்களுக்கு நேரம் ஒத்துவரவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, சிலருக்கு நம்மைப் பார்த்தாலே நோய் நினைவுக்கு வருகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் தனியாகவோ வேறு நண்பர்களோடோ நடந்தால் அதுவே நமக்கு நிறைவு. மாதம் ஒரு முறை போன் செய்து விசாரிக்க மட்டும் அனுமதி கேட்டிருக்கிறோம். பலர் சரி என்றிருக்கிறார்கள்.

வரும் ஆண்டில் மூன்று வேலைகளைச் செயற்குழு முன்வைக்கிறது. அலுவலகம் போகிறவர்களுக்காக மாலை நேர நடைக்குழு தொடங்குவது. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துக் காத்திருப்பவர்களையும் அந்த இடைப்பட்ட வாரங்களிலேயே நடைக்கும் மூச்சுப் பயிற்சிக்கும் அழைத்து வருவது. துணைக்குச் செல்லும் தொண்டர்களுக்கு முதலுதவிப் பயிற்சியைக் கட்டாயமாக்குவது. இவற்றில் இரண்டாவதுதான் அவசரம் என்பது என் கருத்து. அறுவைக்குப் போகும்போதே உடலில் கொஞ்சம் வலு இருந்தால் எழுந்து நடமாடுவது எளிது. பயந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த நாள்களில் செய்வதற்கு ஒரு வேலையும் கிடைக்கிறது.

நேரம் பார்க்காமல் வந்து உதவிய பிசியோதெரபிஸ்டுக்கும், நம் சந்தேகங்களுக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வெயிலிலும் மழையிலும் வாசலில் வந்து நின்ற தொண்டர்களுக்கும் சங்கத்தின் நன்றி. 'நீ போய் நடந்துவிட்டு வா, வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்ன குடும்பத்தாருக்கும் நன்றி.

மாலை நடைக்குழுவில் துணைக்கு வர விரும்புகிறவர்கள் இன்றே பெயர் கொடுக்கலாம். நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. இந்த அறிக்கையையும் மேற்கண்ட மூன்று முன்மொழிவுகளையும் பொதுக்குழு விவாதித்து ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்