அந்த ஹவாயன் கிதாரை உரித்தவருக்கு

பெயர் அறியாத அன்பருக்கு,

வணக்கம். எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்யும்போது கிடைக்கும் பழைய சாமான்களை விற்கும் குன்னூர்க் கடை ஒன்றில், சென்ற ஐப்பசி மழையின் நடுவே, உடைந்த தையல் மெஷின் மேசைக்கு அடியிலிருந்து ஒரு மரத்துண்டை இழுத்து எடுத்தேன். கடைக்காரர் அதை ஏதோ அலமாரியின் பாகம் என்றே நினைத்திருந்தார். ஒரு முனையில் பக்கத்துக்கு மூன்றாகத் துருவேறிய ஆறு முறுக்குச் சாவிகளும், மறுமுனையில் செவ்வகமாகத் தோண்டிய ஒரு குழியும் இருந்தன. மடியில் கிடத்தி, இடக்கையில் பிடித்த எஃகுத் துண்டைக் கம்பிகளின்மேல் வழுக்கி வாசிக்கும் கிதார் அது. நம் நாட்டில் ஹவாயன் கிதார் என்று அறியப்பட்டது. அதன் மேலுறை, பெயர்ப்பட்டை, கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருளான பிக்கப், கம்பிகளைத் தாங்கும் பாலம், குமிழ்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு, மரத்தை உப்புத்தாளால் தேய்த்து விட்டவர் நீங்கள். நீங்கள் இன்னாரென்று எனக்குத் தெரியாது. ஆனாலும் இத்தனை மாதங்களாக உங்கள் கைவேலையைத் துளை துளையாகப் படித்து வருவதால், உங்களுக்குக் கடிதம் எழுதும் உரிமை எனக்குக் கொஞ்சம் உண்டு என்று நம்புகிறேன். குற்றம் சாட்டுவதற்காக எழுதவில்லை. உங்களிடம் ஒரு சிறு பொருள் இருக்கக்கூடும், அதைக் கேட்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் இது கல்கத்தாவில் செய்த கிதார் என்றே நினைத்தேன். 1940களில் ஹவாயிலிருந்து வந்த டாவ் மோ குடும்பத்தார் அந்நகரில் தங்கி வாசித்த காலம் தொட்டு, வங்காளத்தில் இந்த வாத்தியம் வீட்டுக்கு வீடு பரவியது. அங்கே இதைச் செய்தவர்களும் பலர். ஆனால் மரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நம் நாட்டு வாத்தியக்காரர்கள் சிதாருக்கு விரும்பி எடுக்கும் சந்தன வேம்பின் செம்மையும் மணமும் இதில் இல்லை. வெளிறிய, கெட்டியான, கனமான மரம் இது. முறுக்குச் சாவிகள் மூன்று மூன்றாக ஒரே தகட்டில் பொருத்தியவை, அமெரிக்க வார்ப்பு. கழுத்தும் உடலும் தனித்தனியே ஒட்டப்படாமல் ஒரே கட்டையிலிருந்து அறுக்கப்பட்டிருக்கின்றன.

சாவித் தகட்டை நான் கழற்றியபோதுதான் முதல் உண்மையான சாட்சி கிடைத்தது. உப்புத்தாள் எட்டாத அந்த ஓரத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு, முத்துச்சிப்பியைப் போலச் சுழிசுழியாக மின்னும் சாம்பல் நிறத் தகடு ஒட்டியிருந்தது. விரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பார்த்தேன். மெல்லிய கற்பூர வாசம் வந்தது. அது செல்லுலாய்டு. பஞ்சை அமிலத்தில் பக்குவப்படுத்திக் கிடைக்கும் நைட்ரோசெல்லுலோஸுடன் கற்பூரம் சேர்த்துச் செய்யும் பொருள். நம் மலை ரயில் நின்று போகும் அருவங்காட்டில் நூறாண்டுகளுக்கும் மேலாக இயங்கிவரும் கார்டைட் தொழிற்சாலையின் வெடிமருந்துக்கும் மூலப்பொருள் அதே நைட்ரோசெல்லுலோஸ்தான். தயவுசெய்து இதைக் கவனத்தில் கொள்ளுங்கள், ஏனென்றால் கழுத்தின் பின்புறத்தில் இரண்டு இடங்களில் மரம் கருகியிருக்கிறது. சூட்டுக் காற்றை ஊதி உறையைக் கிளப்பியிருக்கிறீர்கள். உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் ஒன்றும் ஆகாமல் இருந்தது பெரும் பாக்கியம். செல்லுலாய்டு பற்றிக்கொண்டால் அணைப்பது கடினம், அதன் புகையும் நஞ்சு. இனி இப்படி ஒரு கிதார் உங்கள் கைக்கு வந்தால் நெருப்பையும் சூட்டையும் அதன் அருகே கொண்டு போகாதீர்கள்.

நீங்கள் ஏன் உரித்தீர்கள் என்பதும் எனக்கு ஓரளவு புரிகிறது. செல்லுலாய்டு காலப்போக்கில் சுருங்கும், விரிசல் விடும், ஓரங்களில் எழும்பும். ஈரத்தில் அது சிதையும்போது வெளிவிடும் வாயு அமிலமாகி, அருகிலுள்ள உலோகத்தையும் அரிக்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி நனைக்கும் இந்த மலையில், அலமாரிக்குள் பல்பு எரியவிட்டுத் துணிகளைப் பூஞ்சணத்திலிருந்து காப்பாற்றுகிற நமக்கு, அந்த உறை எந்த நிலையில் உங்கள் கைக்கு வந்திருக்கும் என்று ஊகிப்பது சிரமமில்லை. அசிங்கமாக இருந்ததைச் சுத்தம் செய்தீர்கள். ஆனால் அதோடு சேர்ந்து இதன் அடையாளமும் போய்விட்டது.

முத்துச்சிப்பி உறை போட்ட மடிக்கிதார்களை அன்று அமெரிக்காவில் பலர் செய்தார்கள். மின்கிதாரின் வரலாறே மடியில்தான் தொடங்கியது. ரிக்கன்பேக்கரின் வார்ப்பு அலுமினியக் கிதார், வட்ட உடலும் நீண்ட கைப்பிடியுமாக, 'வாணலி' என்ற செல்லப் பெயரோடு 1932இல் விற்பனைக்கு வந்தது. அதன்பின் வந்த மலிவு விலைக் கிதார்களில் சிப்பி உறை போட்டவை என்று மூன்று பெயர்களை நான் எடுத்துக்கொண்டேன்: லாஸ் ஏஞ்சல்ஸின் மேக்னடோன், ஃபெண்டர் 1949இல் கொண்டுவந்த சாம்பியன், சிகாகோவின் வால்கோ நிறுவனம் சுப்ரோ என்ற பெயரில் விற்றவை. கம்பியின் நீளம் தீர்ப்புச் சொல்லுமா என்று பார்த்தேன். தேய்த்த மரத்திலும் பழைய விரற்பலகையின் நிழல் மங்கலாகத் தெரிந்தது. மேல்முனையிலிருந்து, கம்பியின் சரிபாதியில் வரும் பன்னிரண்டாம் கோடு வரை 286 மில்லிமீட்டர், அதை இரட்டித்தால் இருபத்திரண்டரை அங்குலம். அந்த அளவைப் பலரும் கையாண்டிருக்கிறார்கள். எனவே அது உதவவில்லை.

குமிழ்களின் துளைகள் உதவின. சாம்பியனில் இரண்டு குமிழ்களும் கம்பிகளுக்கு ஒரே பக்கமாக இருக்கும். இதிலோ பக்கத்துக்கு ஒன்றாக இருக்கின்றன, சுப்ரோக்கள் பலவற்றில் காணும் ஏற்பாடு. குழிக்குள் நீங்கள் விட்டுச்சென்ற ஒரே மின்பாகம் அதைவிட அதிகம் பேசியது. நட்டு துருவேறி இறுகியதால் ஒரு வால்யூம் கன்ட்ரோலின் தண்டை அறுத்துவிட்டு, உடலைக் குழிக்குள்ளேயே தள்ளியிருக்கிறீர்கள். அதற்கு நான் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதன் முதுகில் 304117 என்று பொறித்திருக்கிறது. 304 என்பது ஸ்டாக்போல் நிறுவனத்தின் குறியீடு. அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண், இறுதி இரண்டும் வாரம். ஒன்றில் முடியும் ஆண்டு என்றால் 1941, 1951, 1961 மூன்றும் பொருந்தும். 1950களின் இறுதியிலிருந்து ஆண்டை இரண்டு இலக்கமாகப் பொறித்ததால் 1961 விலகுகிறது. வால்கோ என்ற நிறுவனமே 1941இல் இல்லை. ஆகவே 1951ஆம் ஆண்டின் பதினேழாம் வாரம். ஆனால் அது பாகத்தின் பிறந்தநாள். கிதார் அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் பூட்டப்பட்டிருக்கலாம்.

கடைசியாக, தலைப்பகுதியின் பின்புறம். அங்கே குண்டூசி முனை அளவில் இரண்டு ஆணித் துளைகள் இருப்பதை, சாய்வான காலை வெயிலில் பிடித்துப் பார்த்தபோதுதான் கண்டேன். வால்கோ தன் கிதார்களின் தலையின் பின்னால் வரிசை எண் பொறித்த சிறு உலோகத் தகடு ஒன்றை இரண்டு பொடி ஆணிகளால் அறைந்து அனுப்பும். அந்தத் துளைகளைக் கண்ட பிறகு எனக்கு ஐயம் இல்லை. ஆனாலும் சுப்ரோ என்ற எழுத்தை நான் தலையில் ஒட்டப் போவதில்லை. அதே வால்கோ அதே உடலை வேறு வணிகர்களின் பெயரிலும் செய்து கொடுத்தது. முன்பக்கம் எந்தப் பெயர் இருந்தது என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லாதவரை, அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். பொருத்தமாகத் தோன்றுகிறது என்பதற்காக ஒரு பழைய பொருளுக்குப் பெயர் சூட்டுவது, நீங்கள் உரித்ததைவிடப் பெரிய சேதம் என்று கருதுகிறேன்.

சீரமைப்பில் நான் பிடித்துக்கொண்ட விதி ஒன்றுதான்: நான் செய்யும் எதையும் பின்னால் வருபவர் கழற்ற முடிய வேண்டும். மரத்துக்கு மெல்லிய அவலரக்குப் பூச்சு மூன்று முறை கொடுத்தேன், சாராயத்தைத் தொட்டுத் துடைத்தால் போய்விடும். கருகிய இடங்களைச் சுரண்டவில்லை, மக்கு வைத்து மூடவும் இல்லை. சாவிகளை மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்தபின் ஆறும் சுழன்றன. விரற்பலகையை மெல்லிய தகட்டில் புதிதாக வரைந்தேன். கம்பியின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் வருவது முதல் கோட்டின் தூரம், இதில் 32.1 மில்லிமீட்டர். மீதியை அதே எண்ணால் வகுத்துக்கொண்டே போக வேண்டும். இவை வெறும் கோடுகள், கம்பி இவற்றைத் தொடுவதே இல்லை. மெட்டுகளே இல்லாத தண்டியின்மேல் உருளைக் கட்டையை நகர்த்திச் சுரம் பிடிக்கும் கோட்டுவாத்தியக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை, இரும்பு நிற்கும் இடத்தைக் கண் காட்டினாலும் சுருதியைக் காதுதான் முடிவு செய்கிறது.

பிக்கப்தான் நெஞ்சை வருத்திய பகுதி. வால்கோவின் அந்தப் பழைய வகையில் கம்பிகள் பிக்கப்பின் மேலே போகாமல் அதன் ஊடாகவே போகும், அந்தக் கெட்டியான, சற்றே கரகரத்த குரலை வேறொன்று தராது. அது இல்லாத நிலையில், கோயம்புத்தூரில் 46 கேஜ் எனாமல் தாமிரக் கம்பி வாங்கி, ஆறு காந்தத் தண்டுகளைச் சுற்றி ஏழாயிரத்து ஐந்நூறு சுற்று சுற்றினேன். தலைமுடியைப் போன்ற கம்பி. இரண்டு முறை பாதியில் அறுந்தது, மூன்றாவது முறை மல்டிமீட்டர் 6.5 கிலோ ஓம் காட்டியது. குழியை ஒரு நூல்கூட அகலப்படுத்தவில்லை. பழைய திருகுத் துளைகளிலேயே ஒரு தகட்டைப் பூட்டி, அதில் இதைத் தொங்கவிட்டிருக்கிறேன். அசல் பாகம் என்றாவது திரும்பினால், நான்கு திருகுகளைக் கழற்றினால் போதும்.

இப்போது கிதார் பாடுகிறது. கீழிருந்து சி, இ, ஜி, ஏ, சி, இ என்று சுருதி கூட்டியிருக்கிறேன். மூடுபனி இறங்கும் மாலைகளில் கம்பிகள் சற்று இறங்கிவிடுகின்றன, மீண்டும் கூட்ட வேண்டியிருக்கிறது.

அன்பரே, உங்கள் வீட்டில் ஆணிகளும் திருகுகளும் போட்டு வைத்த பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். தயவுசெய்து அதைக் கவிழ்த்துப் பாருங்கள். இருமுனையிலும் ஊசித்துளையுள்ள ஒரு சின்ன உலோகத் தகடும், அதில் ஓர் எழுத்தும் சில எண்களும் தென்பட்டால், தகட்டை நீங்களே வைத்துக்கொண்டு, அந்த எழுத்தையும் எண்களையும் மட்டும் ஒரு தாளில் எழுதி, மடித்து, குன்னூரில் நீங்கள் இந்தக் கிதாரை விற்ற அதே கடையில் கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே போய்க் கேட்கிறேன்.

இப்படிக்கு,
இப்போது அதை மடியில் வைத்திருப்பவன்