எச்சரிக்கை எட்ட வேண்டும்

ஆசிரியருக்கு,

இணையத் தாக்குதல்கள் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பிடம் தொழில்நுட்பத் திறமைக்குப் பஞ்சமில்லை. 2004 முதல் இயங்கும் அந்த அமைப்பு, எந்த மென்பொருளில் என்ன ஓட்டை, அதை எப்படி அடைப்பது என்று விவரமாகவே அறிக்கை விடுகிறது. தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022இல் உத்தரவும் போட்டது. சரி, தாக்குதல் நடந்ததே தெரியாத அலுவலகம் எதைத் தெரிவிக்கும்?

நான் கணக்குத் தணிக்கைக்குச் செல்லும் ஒரு சிறிய அலுவலகத்தில் இன்னும் விண்டோஸ் 7தான் ஓடுகிறது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. கடவுச்சொல்லோ திரையின் ஓரத்தில் காகிதத்தில் ஒட்டியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். செர்ட்-இன் என்ற பெயரையே அங்கு யாரும் கேள்விப்பட்டதில்லை. அதன் அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் வல்லுநர் மொழியில் இருந்தால் வேறென்ன நடக்கும்?

முக்கியமான எச்சரிக்கைகளையாவது ஒரு பக்கத் தமிழில் சுருக்கி, தமிழ்நாடு மின் ஆளுமை முகமை வழியாக ஊராட்சி, கூட்டுறவு அலுவலகங்கள் வரை மாதந்தோறும் அனுப்பலாம். பழைய கணினிகளை மாற்றக் கொஞ்சம் நிதியும் ஒதுக்கினால் நல்லது.

– வாசகர், கும்பகோணம்