கிருமியின் பெயர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்துக்கு அடங்காத மருத்துவமனைக் கிருமிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால் 'ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பச் சாப்பிட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும்' என்ற வரி மட்டும் இடித்தது. இதில் பழகுவது உடம்பு இல்லை, மாறுவது கிருமி. மருத்துவமனை ஆய்வகத்தில் கல்ச்சர் (நோயாளியின் மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துச் சோதிப்பது) பார்த்தே ஓய்வுபெற்றவன் நான். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிளேட்டில் கிருமியைப் பூசி, மருந்து தோய்த்த சின்ன வட்டக் காகிதங்களை அதன்மேல் வைத்து, இரவு முழுக்க இன்குபேட்டரில் விடுவோம். மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்றால், காலையில் காகிதத்தைச் சுற்றி நிலா கோட்டை கட்டியதுபோல் கிருமி வளராத தெளிவான வளையம் விழுந்திருக்கும். கடைசி ஆயுதமாக வைத்திருந்த மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்குக்கு வளையமே விழாத பிளேட்டை முதன்முதலில் பார்த்தபோது, காகிதத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி போட்டேன். மறுநாளும் அதே கதை. காகிதத்தின் விளிம்புவரை கிருமி வந்து உட்கார்ந்திருந்தது.

மருந்தை எதிர்த்து நிற்கும் இந்தத் திறனுக்குக் காரணமான மரபணு பல சமயம் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் இருக்கும். ஒரு பாக்டீரியா அதை நகலெடுத்துப் பக்கத்தில் இருப்பதற்குக் கொடுத்துவிடும். பக்கத்தில் இருப்பது வேறு இனமாக இருந்தாலும் கொடுக்கும். 1959-லேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவையும் சீதபேதிக் கிருமியையும் ஒன்றாக வளர்த்து, எதிர்ப்பு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவதைக் காட்டிவிட்டார்கள். மெரோபெனம் போன்ற மருந்துகளை முறிக்கும் என்.டி.எம்-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) மரபணுவின் கதையும் இதுதான். டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவரிடம் 2008-இல் ஸ்வீடனில் கண்டுபிடித்தார்கள். அதற்கு டெல்லியின் பெயரை வைத்தது பற்றி அப்போது பெரிய சண்டையே நடந்தது. அதில் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. அவருடைய சிறுநீரில் இருந்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவிடமும், மலத்தில் இருந்த ஈ.கோலையிடமும் அதே மரபணு இருந்தது. ஒரே உடம்பு, இரண்டு இனக் கிருமிகள், ஒரே மரபணு.

நாங்கள் கோட்டை விட்டதும் இங்கேதான். எங்கள் ரிஜிஸ்டரில் கிருமியின் பெயரைத்தான் எழுதுவோம். ஜனவரியில் கிளெப்சியெல்லா, மார்ச்சில் என்டரோபாக்டர், மே மாதம் ஈ.கோலை. பார்ப்பவர்களுக்கு மூன்றும் வேறு வேறு நோயாளிகள், வேறு வேறு தொற்று. ஒரே மரபணு கிருமி விட்டுக் கிருமி தாவி வார்டில் சுற்றுகிறதா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என்.டி.எம், கே.பி.சி. போன்ற முக்கியமான ஐந்து வகை எதிர்ப்பு மரபணுக்களை ஒரு மணி நேரத்துக்குள் சொல்லும் கருவி இன்று இருக்கிறது. ரிஜிஸ்டரில் அதற்கும் ஒரு கட்டம் போட்டால் என்ன?

சரி, நோயாளிகள் வீட்டுக்குப் போன பிறகு அந்த மரபணு எங்கே தங்குகிறது? கை கழுவும் பேசினைப் பாருங்கள். அடியில் குழாய் வளையும் இடத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கும். அங்கே பாக்டீரியாக்கள் வழவழப்பான படலமாகப் படிந்து, பல இனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழும். மரபணு கைமாற அதைவிட வசதியான இடம் கிடையாது. வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்து அசந்துபோனேன். சத்துள்ள திரவம் கிடைத்தால் அந்தப் படலம் குழாயின் சுவரைப் பிடித்துக்கொண்டு நாளுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் மேலே ஏறுகிறது. சல்லடை மூடிவரை வந்துவிட்டால், மேலிருந்து விழும் தண்ணீர் அதைச் சுற்றிலும் தெறிக்க வைக்கிறது.

அந்தச் சத்தை ஊற்றுவது யார்? மிச்சமான குளுக்கோஸ் பாட்டிலை வார்டு பேசினில் கவிழ்த்துவிட்டு, கையோடு பாட்டிலைக் குப்பையில் போடும் பழக்கம் நான் வேலை பார்த்த இடத்தில் இருந்தது. நானே எத்தனையோ முறை அப்படி ஊற்றியிருக்கிறேன். தப்பு என்று யாரும் சொன்னதில்லை.

உங்கள் கட்டுரை, சீட்டு இல்லாமல் மாத்திரை வாங்கும் பொதுமக்களைக் கண்டித்து முடிகிறது. கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் ஐ.சி.யூ.வில் மயங்கிக் கிடப்பவருக்கு அந்த அறிவுரையால் என்ன பயன்? அவர் கட்டிலுக்கும் பேசினுக்கும் எத்தனை அடி தூரம், அந்தப் பேசினில் கை கழுவுவதைத் தவிர வேறு எதை ஊற்றுகிறார்கள் என்று உங்கள் நிருபர் ஒருமுறை போய்ப் பார்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர் ஒருவர்