மெக்கேனுக்கு ஒரு தீர்மானம், மற்றவர்களுக்கு?

அமெரிக்க செனட், பிரதிநிதிகள் அவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து, உறுதிமொழி எடுத்து உங்கள் நாட்டுக் குடிமகன் ஆனவன். அதிபர் நாற்காலி மேல் எனக்கு ஆசை இல்லை, பயப்படாதீர்கள். 'பிறப்பால் குடிமகன்' ஆனவர் மட்டுமே அதிபராகலாம் என்கிறதே அரசமைப்பு, அந்த விதியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2008-இல் செனட்டர் ஜான் மெக்கேன் அதிபர் தேர்தலில் போட்டியிட்டபோது, பனாமா கால்வாய் மண்டலத்தில் பிறந்தவர் அதிபராகலாமா என்று கேட்டார்கள். ஆகலாம் என்று ஏப்ரல் 30 அன்று செனட் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அதை முன்மொழிந்தவர்களில் பராக் ஒபாமாவும் ஒருவர். மூன்றே ஆண்டில், ஹவாய் மாநில ஹொனலூலுவில் பிறந்த அதே ஒபாமா, வெளிநாட்டில் பிறந்தவர் என்ற வதந்தியால், அதிபராக இருந்துகொண்டே தன் முழுப் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் காட்ட வேண்டியதாயிற்று. 2020-இல் துணை அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிஸ் முறை. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தவர்தான், ஆனால் அம்மா சென்னை, அப்பா ஜமைக்கா. அது போதுமாக இருந்தது, தகுதி உண்டா என்ற சந்தேகத்தைக் கிளப்பிவிடுவதற்கு. அமெரிக்காவில் குடியிருந்த சீனப் பெற்றோருக்கு இங்கே பிறந்த வோங் கிம் ஆர்க் குடிமகனே என்று 1898-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தும்!

கனடாவின் கால்கரியில் பிறந்த செனட்டர் டெட் குரூஸ் அதிபராகப் போட்டியிட முயன்றபோது, அவர் தகுதியை எதிர்த்தும் 2016-இல் வழக்குகள் வந்தன. அதிபர் தகுதிக்கான 'பிறப்பால் குடிமகன்' யார் என்று அரசமைப்பும் விளக்கவில்லை, உச்ச நீதிமன்றமும் நேரடியாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. மெக்கேன் சக செனட்டர் என்றதும் ஓடிவந்து தீர்மானம் போட்டீர்கள். சட்டமாக எழுதும் வேலையை மட்டும் தொடவில்லை.

இன்னொன்று, இதைவிடப் பெரியது: என்னைப் போல் பிறகு குடிமகன் ஆனவர்களுக்குத் தடையே ஏன்? அந்நியர் கையில் படைத்தலைமை போய்விடக் கூடாது என்று அரசமைப்பு எழுதப்பட்ட 1787-இல், நாட்டை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் ஜே, ஜார்ஜ் வாஷிங்டனுக்கு எழுதினார். அன்றைக்கு அந்த அச்சம் நியாயம். அப்போதும்கூட, அரசமைப்பு ஏற்கப்பட்டபோது குடிமக்களாக இருந்தவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். கரீபியனின் நெவிஸ் தீவில் பிறந்த, நாட்டை நிறுவியவர்களில் இன்னொருவரான அலெக்சாண்டர் ஹாமில்டனுக்குத் தடை இல்லை. இன்று உங்கள் அவையிலேயே இருக்கும் ராஜா கிருஷ்ணமூர்த்தி டெல்லியில் பிறந்து மூன்று மாதக் குழந்தையாக வந்தவர். சட்டம் இயற்றலாம், அதிபராக முடியாது. அந்த மூன்று மாதத்தில் எந்த அரசனுக்கு விசுவாசம் வைத்திருப்பார்?

20 ஆண்டுகள் குடிமகனாக இருந்தவர் போட்டியிடலாம் என்று செனட்டர் ஓரின் ஹாட்ச் 2003-இல் கொண்டுவந்த திருத்தம் வாக்கெடுப்புக்கே வரவில்லை. திருத்தம் நிறைவேற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு 38 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும். சுலபமில்லை என்று தெரியும். ஆனாலும் அதை மீண்டும் அறிமுகப்படுத்துங்கள், நீதித்துறைக் குழுக்களில் விசாரணை நடத்துங்கள். அடுத்த வேட்பாளரின் பெயர் தெரிவதற்கு முன்பே நடத்துங்கள். தெரிந்துவிட்டால் மறுபடி கட்சிச் சண்டைதான்.

இப்படிக்கு,
வாக்குரிமை மட்டும் உள்ள ஒரு குடிமகன்