ஓட்டோவில் ஏறும் ட்ராம்

ஆசிரியர் அவர்களுக்கு,

களுவாஞ்சிகுடியில் ரேடியோ, ரீவி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பாடசாலைக் கண்காட்சிக் காலம் வந்தால் பிள்ளைகள் பழைய மோட்டார் கேட்டு வருவார்கள். எதற்கென்று விசாரித்தால் பாதிப் பேர் மாதிரி ரயில் செய்யப் போகிறோம் என்பார்கள். எட்டடிக்கு நாலடிப் பலகை, மலை, சுரங்கம், பாலம், இரண்டு நிலையம் என்று கொப்பியில் அழகாக வரைந்தும் வைத்திருப்பார்கள். பலகை வாங்கியதோடு காசு முடியும். தண்டவாளம் போட்டதோடு தவணை முடியும். பிறகு அந்தப் பலகை வகுப்பறைச் சுவரில் சாய்ந்து கிடக்கும். பார்த்துப் பார்த்து மனம் கேட்காமல்தான் எழுதுகிறேன். ரயிலை விட்டு, தெருவில் பதித்த தண்டவாளத்தில் மின்னால் ஓடும் ட்ராம் வண்டியைச் செய்யுங்கள் என்று பிள்ளைகளுக்கும், அதை ஓட்டிக் காட்ட ஒரு மேசை கொடுங்கள் என்று நூலகங்களுக்கும் உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

ட்ராம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குக் கல்கத்தாதான் ஞாபகம் வரும். எங்கள் கொழும்பிலும் அது ஓடியது. 1899 இல் தொடங்கி, 1944 இல் மாநகர சபையின் கைக்கு வந்து, 1960 இல் நின்றுபோனது. பொரளைக்கு ஒரு பாதை, கிராண்ட்பாஸுக்கு ஒரு பாதை. 1929 இல் ட்ராம் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவின் பெயரோடு தொழிற்சங்க வரலாற்றில் நிற்கிறது. மட்டக்களப்புக்கு ரயில் வந்ததே 1928 இல்தான். அதன் பிறகு கொழும்பில் உத்தியோகம் பார்க்கப் போன எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் கோட்டையில் இறங்கி ட்ராமில் ஏறியிருப்பார்கள்.

மாதிரி செய்பவருக்கு ட்ராம் ஏன் நல்லது என்றால், அது தெரு மூலையில் திரும்புகிற வண்டி. விளையாட்டு ரயில் தண்டவாளத்தில் வழக்கமாகக் கிடைக்கும் மிகச் சிறிய வளைவே ஏறத்தாழ 37 சென்ரிமீற்றர் ஆரம். அதில் ஒரு சுற்றுப் போட்டால் ஏறத்தாழ இரண்டரை அடி அகலம் போய்விடும். 16 மீற்றர் ஆரத்தில் திரும்பும் ட்ராம் தடத்தை 64 இல் ஒரு பங்காகக் குறைத்தால் 25 சென்ரிமீற்றர்தான். நிலையம் வேண்டாம், மலை வேண்டாம். ஒரு தெருத் துண்டும் நாலு கடை முகப்பும் இருந்தால் போதும்.

64 இல் ஒரு பங்கு என்று நான் எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஹொங்கொங்கிலும் ஜப்பானிலும் இன்றும் ட்ராம் ஓடும் மூன்றரை அடி இடைவெளித் தடத்தை, அதாவது 1067 மில்லிமீற்றரை, 64 ஆல் பிரித்தால் ஏறத்தாழ 16.7 வரும். உலகம் முழுக்க விற்கும் விளையாட்டுத் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீற்றர். நியூசிலாந்துக்காரர் தங்கள் ரயில்களை நெடுங்காலமாக இந்தக் கணக்கில்தான் செய்கிறார்கள். அப்புறம், கடையில் விற்கும் உள்ளங்கைக் கார்கள் பலவும் இதே 1:64 அளவுதான். தெருவில் நிறுத்தக் கார் தேடி அலைய வேண்டியதில்லை.

அக்காவின் மகன் உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் படிக்கிறான். அவன் வரைபடத்தோடு வந்தபோது, வாசலில் நின்ற ஓட்டோவின் பின் இருக்கையை முதலில் அளந்து வா என்றேன். “ட்ராமுக்கும் ஓட்டோவுக்கும் என்ன மாமா?” என்று கேட்டான். கொண்டுபோக முடியாத பலகையை யார் பார்ப்பார்கள்? கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் ரயில் இல்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தண்டவாளத்தைப் பார்க்க மட்டக்களப்புக்கு வரவேண்டும். அவர்களிடம் நாங்கள் போவதென்றால் ஓட்டோவிலோ பஸ்ஸிலோ ஏறுகிற அளவில்தான் பலகை இருக்க வேண்டும். ஆகவே 60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலத்தில் இரண்டு பலகை. போல்ற் போட்டு நீளவாக்கில் சேர்த்தால் நாலடித் தெரு. போல்ற்றைக் கழற்றி ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து, இரு முனையிலும் உயரமான பிளைவுட் துண்டை முடுக்கினால் ஒரு பெட்டி. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகலாம். பலகை அறுத்துத் தந்த ஓடாவியார் இரு பக்கமும் வார்னிஷ் அடிக்கச் சொன்னார். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் எங்கள் வாவிக் காற்றுக்குப் பலகை வளைந்துவிடும்.

பலகை இரண்டும் சேருமிடத்தில்தான் கவனம் முழுவதும் தேவை. அங்கே தண்டவாளம் ஒரு மயிரளவு விலகினாலும் வண்டி கவிழும். பழைய ரேடியோவின் சர்க்கிட் பலகையை விரல் அகலத்துக்கு வெட்டி, மூட்டின் இரு பக்கமும் ஒட்டினோம். இரு தண்டவாளத்துக்கும் இடையில் அதன் செப்புப் படையை அரத்தால் கீறிவிட வேண்டும்; இல்லையென்றால் ஷோர்ட் ஆகும். பலகைகளைப் போல்ற்றால் இறுக்கிய பிறகு, முழுத் தண்டவாளத்தை மூட்டுக்கு மேலாகவே போட்டு, செப்போடு ஈயத்தால் பற்றவைத்தோம். கடைசியில் மெல்லிய வாளால் மூட்டின் நேரே அறுத்தோம். ஒரே தண்டவாளத்தை அறுத்ததால் எத்தனை முறை கழற்றிப் பூட்டினாலும் முனையோடு முனை நேராக வந்து நிற்கிறது.

மோட்டார், பழுதான டீவீடி பிளேயரில் தட்டை வெளியே தள்ளுகிற சின்ன மோட்டார்தான், அதன் பற்சக்கரங்களோடு. மெதுவாகச் சுற்றுவதால் ட்ராமுக்குப் பொருத்தம். கைபேசிச் சார்ஜரின் 5 வோல்ற்றே போதும்; கரண்ட் இல்லாத இடத்தில் பவர் பேங்க். தண்டவாளமும் உலோகச் சக்கரமும் மட்டும் காசு கொடுத்து எடுப்பித்தவை. தடத்தின் இரு முனையிலும் ஒரு சாண் தூரத்தில் ஒரு பக்கத் தண்டவாளத்தை அறுத்து, வெட்டுக்குக் குறுக்கே 1என்4001 டயோட் ஒன்றை வைத்தோம். டயோட் ஒரு திசையில்தான் மின்னை விடும். ட்ராம் அந்தத் துண்டுக்குள் நுழைந்ததும் மின் அற்றுத் தானாக நிற்கும். ஆளியை மறுபக்கம் தட்டினால் மின்னோட்டம் திசை மாறி டயோட் வழியே பாயும். வண்டி திரும்பி ஓடும். நாலு வயதுப் பிள்ளை ஆளியைத் தட்டினாலும் வண்டி கீழே விழாது. உயர்தரப் பிள்ளை புத்தகத்தில் படிக்கும் டயோட், இங்கே கண் முன்னால் வேலை செய்கிறது.

தெருவுக்குத் தண்டவாளத்தின் நடுவிலும் இரு புறமும் அட்டை ஒட்டி, சக்கர விளிம்பு ஓட இடைவெளி விட்டுத் தார் நிறம் பூசினோம். அட்டை தண்டவாளத்தை விடச் சற்றே பதிந்திருக்க வேண்டும், அப்போதுதான் பாமசியில் வாங்கும் ஸ்பிரிட்டைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். உப்புக் காற்றில் அடிக்கடி துடைக்கத்தான் வேண்டும். மேலே போகும் கம்பி பார்வைக்கு மட்டும். அதைத் தாங்கும் தூண்கள் சைக்கிள் கம்பிகள். கடைகளுக்கு முன்சுவர் மட்டும், பிஸ்கட் பெட்டி அட்டையில்.

மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்திலும் உள்ள நூலகங்கள், விடுமுறையில் ஒரு நாள் ஒரு மேசை தந்தால் போதும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வருகிறோம். செய்ய விரும்பும் பிள்ளைகளுக்கு ஈயம் வைக்கவும் பழகித் தருவேன், காசு வேண்டாம்.

பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வண்டிக்கு அடிப்பூச்சு மட்டும்தான் அடித்திருக்கிறோம். 1960 க்கு முன் கொழும்பில் வேலை பார்த்தோ படித்தோ ட்ராமில் ஏறிய அப்பப்பா, அம்மம்மாமார் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். வண்டியின் நிறம், இருக்கைகள் இருந்த விதம், மணிச் சத்தம், கண்டக்டர் நின்ற இடம் என்று எது நினைவிருந்தாலும் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். கை நடுங்கினால் பேரப்பிள்ளை கேட்டு எழுதட்டும். பழைய படம் இருந்தால் மூலத்தை வீட்டிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டு பிரதியை மட்டும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ரேடியோ திருத்தும் வாசகர்,
களுவாஞ்சிகுடி