விற்றவர் பிடிபட்டார், விழுங்கியவள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கருக்கலைப்பு மாத்திரைகளைக் களவாக விற்றவர் கைதான செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். விற்றவரைப் பிடித்தது சரி. அவற்றை வாங்கி விழுங்கிய பெண்களின் கதி என்ன? இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவில், தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. வன்புணர்வுக்கு உள்ளானவளுக்கும் விலக்கில்லை. இந்தச் சட்டம் மூட்டிய அச்சமே பெண்களை வைத்தியசாலைப் படியேற விடாமல் தடுக்கிறது.

நான் வலிகாமத்தில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தபோது, ஒரு விடியற்காலை பத்தொன்பது வயதுப் பிள்ளையொருத்தி என் படலையடியில் நின்றாள். மூன்று நாள் இரத்தப்போக்கு. உடல் அனலாய்க் கொதித்தது. பழைய சேலைத்துணியை நான்காக மடித்து இடுப்பில் கட்டியிருந்தாள். "பொலிஸுக்குச் சொல்லுவீங்களோ, மிஸ்?" என்பதே அவளது முதற் கேள்வி. வைத்தியர் கண்காணிப்பில் பயன்படும் மிசோபிரஸ்டோல் என்ற கருக்கலைப்பு மாத்திரையை அளவும் காலமும் தெரியாமல் விழுங்கியிருந்தாள். பிழைத்தாள், அதுவே பெரிது.

இரத்தப்போக்குக்குச் சிகிச்சை பெறுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சட்டம் திருந்தும்வரை காத்திராமல், இதைத் தெளிவான தமிழில் எழுதி ஒவ்வொரு கிளினிக் சுவரிலும் சுகாதாரத் திணைக்களம் உடனே ஒட்ட வேண்டும்.

இளைப்பாறிய குடும்பநல உத்தியோகத்தர்,
யாழ்ப்பாணம்.