பொருள்: 19 நாட்களாக ஒழுகும் கூரையும் "வீடு பூட்டியிருந்தது" என்ற பொய்ப் பதிவும்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பராமரிப்பில் உள்ள குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். 19 நாட்களாகக் குளியலறைக் கூரை ஒழுகுகிறது. உங்கள் அழைப்பு மையத்தில் ஏழு முறை பேசி, ஏழு புகார் எண்கள் வாங்கிவிட்டேன். பிளம்பர் வந்தபாடில்லை. மேல்வீட்டுக் குழாய் எந்த வழியாக இறங்குகிறது, எந்த வால்வை மூட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

நானும் வீட்டுவசதி அழைப்பு மையத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவள்தான். ஹெட்செட்டைக் கழற்ற நேரமில்லாமல், திரையில் விநாடிகள் ஓட ஓடப் பேசிய நாட்களை மறக்கவில்லை. எல்லாத் திட்டும் அழைப்பை எடுப்பவருக்குத்தான், பழுது பார்க்க ஆள் அனுப்பும் அதிகாரம் வேறொருவரிடம். முதல் நாள் பேசிய பெண், விளக்குப் பக்கம் தண்ணீர் இறங்குகிறதா என்று தானாகவே கேட்டு, மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

ஆனால் கடந்த வியாழக்கிழமை மாலை பேசியவரை மன்னிக்க மாட்டேன். "அதுதான் வாளி வைத்திருக்கிறீர்களே, பிறகென்ன அவசரம்?" என்றார். பதிவு செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார், ஆனால் கீபோர்டு தட்டும் சத்தமே இல்லை. நான்கு ஆண்டுகள் அந்தச் சத்தத்துக்குள் இருந்த எனக்குத் தெரியாதா? மேற்பார்வையாளரிடம் பேச வேண்டும் என்றதும் 22 நிமிடம் இசையைக் கேட்கவைத்து இணைப்பைத் துண்டித்துவிட்டார். ஒலிப்பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்பு நடந்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். பிளம்பர் வருவார் என்றதால் விடுப்பு எடுத்து, காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை வாசல் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். மறுநாள் கேட்டால், "ஆள் வந்தார், வீடு பூட்டியிருந்தது" என்று புகாரையே முடித்துவிட்டார்களாம்! இப்படி முடித்துப் புது எண் கொடுத்தால் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், தாமதம் அறிக்கையில் ஏறாது. இந்த வித்தை எனக்குப் புதிதல்ல. நேரில் வரச் சொன்னார்கள் என்று இரண்டு பஸ் மாறி வந்தால், "புகாரெல்லாம் போனில்தான்" என்று கவுன்டரிலேயே திருப்பி அனுப்பினீர்கள்.

24 முதல் 48 மணி நேரம் ஈரம் காயாமல் நின்றாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். இங்கே சுவரோர அலமாரி முழுக்கக் கரும்புள்ளி. துணிமணி, மகளின் பாடப்புத்தகம், தூக்கம், நிம்மதி எல்லாமே போயிற்று. இந்த வீட்டில் இனி எடுத்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை.

தயவுசெய்து மூன்று நாட்களுக்குள் பிளம்பரை அனுப்புங்கள். பொய்ப் பதிவை நீக்கி, முதல் புகாரின் தேதியையே கணக்கில் கொள்ளுங்கள். வியாழக்கிழமை அழைப்புக்கு எழுத்தில் விளக்கம் தாருங்கள். தவறினால் ஏழு புகார் எண்களோடும் வழக்கறிஞர் நோட்டீஸ் வரும். அந்த நிலைக்கு என்னைத் தள்ள வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வருபவர் கீழே நின்று ஒருமுறை போன் செய்தால் போதும், நானே இறங்கி வந்து அழைத்துச் செல்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி வாடகைதாரர்